சர்வர் டொமைன் கன்ட்ரோலரோடு பேச மறுத்தால் எங்கே தொடங்குவது?

டொமைன் என்பது அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு. அங்கே அடையாளத்தைச் சரிபார்க்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். அதோடு பேச்சு நின்றால் என்ன செய்வது என்று, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுத்தந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. டொமைனிலிருந்து கணினியை எடு, மறுபடி சேர், ரீஸ்டார்ட் செய். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை. பாதி நாள் பலித்தது. பலித்ததால் காரணத்தைத் தேடவே தோன்றவில்லை. ஒருநாள் ஒரு மடிக்கணினியைத் திரும்பச் சேர்ப்பதற்கு முன், சுத்தமாக இருக்கட்டும் என்று ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் தரவுத்தளம்) இருந்த அதன் கணினிக் கணக்கையும் அழித்தேன். அடுத்த வாரம் அதே மடிக்கணினி பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றது. 48 இலக்கச் சாவி. அது அந்தக் கணினிக் கணக்கின் அடியில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. கணக்கை அழித்த என் கையே சாவியையும் அழித்திருந்தது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொமைனில் கணக்கு வைத்திருப்பவர்கள் மனிதர்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு சர்வருக்கும் ஒவ்வொரு மேசைக் கணினிக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு, கடவுச்சொல்லும் உண்டு. உங்கள் சர்வர் காலையில் எழுந்ததும் நடப்பது இதுதான். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ்ஸிடம், அதாவது பெயருக்கு முகவரி சொல்லும் சேவையிடம், கேட்கிறது. கிடைத்த முகவரிக்குப் போய்த் தட்டுகிறது. இருவரின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா என்பது கணக்கில் எடுக்கப்படுகிறது. தன் கடவுச்சொல்லைக் கொண்டு தன்னை நிரூபிக்கிறது. அதன்பிறகுதான் பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் வருகின்றன. நாம் தேட வேண்டிய வரிசையும் இதுவே. பிழைச் செய்தி பெரும்பாலும் கடைசிப் படியைப் பற்றிப் பேசும். பழுது முதல் படியில் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

தொலைபேசியில் அழைப்பவர் "கடவுச்சொல்லை ஏற்கவில்லை" என்றுதான் சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் ஒருவருக்கு மட்டுமா? அந்த ஒரு கணினியில் மட்டுமா? எல்லாருக்கும் எல்லா இடத்திலுமா? ஒரே ஆள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் நுழைய முடியவில்லை என்றால் அவருடைய கணக்கைப் பாருங்கள். ஒரே கணினியில் எவர் உட்கார்ந்தாலும் முடியவில்லை என்றால் அந்தக் கணினியைப் பாருங்கள். அலுவலகமே நின்றுவிட்டது என்றால் டொமைன் கன்ட்ரோலரைப் பாருங்கள். அரை நாள் வேலையை இந்த மூன்று கேள்விகள் மிச்சப்படுத்தும்.

பிறகு திரையில் வந்த செய்தியைச் சொல் மாறாமல் வாங்குங்கள். எண் இருந்தால் எண்ணையும். 1355 என்றால் அந்த டொமைனையே காணோம் என்கிறது, பெரும்பாலும் டிஎன்எஸ். 1311 என்றால் உள்நுழைவைச் சரிபார்க்க எந்த சர்வரும் கிடைக்கவில்லை. 1722 என்றால் ஆர்பிசி சேவையை (ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை வாங்கும் வழி) எட்ட முடியவில்லை, ஃபயர்வாலை சந்தேகிக்கலாம். 1789 என்றால் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை முறிந்திருக்கிறது. 1326 ஒன்றுதான் உண்மையிலேயே பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று சொல்வது.

இன்னொரு எச்சரிக்கை. "நான் உள்ளே நுழைந்துவிட்டேனே, அப்படியானால் டொமைன் கன்ட்ரோலர் வேலை செய்கிறது" என்று முடிவுகட்ட வேண்டாம். வழக்கமான அமைப்பில் விண்டோஸ் கடைசியாக நுழைந்த 10 டொமைன் பயனர்களை நினைவில் வைத்திருக்கும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அவர்களை உள்ளே விடும். டொமைன் கணக்கில் நுழைந்தபின் கட்டளைச் சாளரத்தில் கேலிஸ்ட் என்று தட்டுங்கள். கெர்பரோஸ் என்பது டொமைனில் அடையாளத்தை நிரூபிக்கும் முறை, டிக்கெட் அது தரும் அனுமதிச் சீட்டு. ஒரு கெர்பரோஸ் டிக்கெட்கூட இல்லையென்றால் நீங்கள் பழைய நினைவின் தயவில்தான் உள்ளே இருக்கிறீர்கள்.

முதல் படி: டிஎன்எஸ்

இந்தப் படியில் நின்று நிதானமாகப் பாருங்கள். என் அனுபவத்தில் அதிகப் பழுதுகள் இங்கேதான் கிடைக்கின்றன.

பழுதான சர்வரில் ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுத்து, டிஎன்எஸ் சர்வர் என்ற வரிகளைப் படியுங்கள். அங்கே டொமைன் கன்ட்ரோலர்களின் முகவரிகள் மட்டும் இருக்க வேண்டும். மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வரியில் டொமைன் கன்ட்ரோலர், இரண்டாவது வரியில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) அல்லது ரவுட்டரின் முகவரி என்று இருப்பதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. "முதலாவது இறந்துபோனால் இன்டர்நெட்டாவது வரட்டுமே" என்ற நல்லெண்ணத்தில் செய்வது. ஆனால் முதலாவது சர்வர் சற்றே தாமதித்தாலும் விண்டோஸ் இரண்டாவதிடம் போய்விடும். உங்கள் அலுவலகத்தின் உள் டொமைனைப் பற்றி 8.8.8.8க்கு என்ன தெரியும்? அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் தரும். விண்டோஸ் அந்தப் பதிலை நம்பிவிடும். மறுபடி முதலாவதிடம் போய்க் கேட்காது. காலையில் வேலை செய்தது, மதியம் செய்யவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்று வரும் புகார்களில் பல இந்த இரண்டாவது வரியின் திருவிளையாடல்தான். வெளியுலகப் பெயர்கள் வேண்டுமானால் டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ் அமைப்பில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாததைக் கேட்டு வாங்கும் இடமாக) 8.8.8.8ஐ வைத்துக்கொள்ளுங்கள். கணினிகளில் வைக்காதீர்கள்.

அடுத்து, டொமைன் கன்ட்ரோலரைக் கண்டுபிடிக்க உதவும் எஸ்ஆர்வி பதிவு (ஒரு சேவை எந்தச் சர்வரில் கிடைக்கும் என்று டிஎன்எஸ்ஸில் இருக்கும் குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். என்எஸ்லுக்கப் திறந்து, வகையை எஸ்ஆர்வி என்று மாற்றிக்கொண்டு, ஒரு நீளமான பெயரைக் கேட்க வேண்டும். தொலைபேசியில் கிளை அலுவலகத்துக்கு நான் அதை இப்படித்தான் சொல்வேன்: அடிக்கோடு எல்டாப், புள்ளி, அடிக்கோடு டிசிபி, புள்ளி, டிசி, புள்ளி, அடிக்கோடு எம்எஸ்டிசிஎஸ், புள்ளி, பிறகு உங்கள் டொமைனின் முழுப் பெயர். உயிரோடு இருக்கும் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களின் பெயர்களும் பதிலில் வர வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் அந்த டொமைன் கன்ட்ரோலரில் நெட்லாகன் சேவையை (டொமைன் உள்நுழைவைக் கவனிப்பது) நிறுத்தித் தொடங்குங்கள். அது தன் பதிவுகளைத் தானே மறுபடி எழுதிக்கொள்ளும். எப்போதோ கழற்றிப் போட்ட பழைய சர்வரின் பெயர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், கணினிகள் அவ்வப்போது அந்த இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை நீக்க வேண்டும்.

இரண்டு நெட்வொர்க் அட்டை உள்ள டொமைன் கன்ட்ரோலர் தனிக் கதை. பேக்கப் எடுப்பதற்கென்று இன்னொரு அட்டை போட்டிருப்பார்கள்; இரண்டு முகவரியும் டிஎன்எஸ்ஸில் ஏறிவிடும்; எட்ட முடியாத முகவரியை வாங்கிய கணினி விழிக்கும். இரண்டாவது அட்டையின் அமைப்பில், முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிவு செய் என்ற குறியை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி: என்பதோடு டொமைன் பெயரையும் சேர்த்து, கடைசியில் /ஃபோர்ஸ் போட்டுத் தட்டுங்கள். பழைய நினைவை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தேடச் சொல்லும் சொல் அது. ஒரு டொமைன் கன்ட்ரோலரின் பெயரும் முகவரியும் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வாசல்கள் திறந்திருக்கின்றனவா?

பிங் போகிறது என்பதால் எதுவும் நிரூபணமாகாது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையோடு டொமைன் கன்ட்ரோலரின் பெயரையும் போர்ட் (வாசல்) எண்ணையும் கொடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஎன்எஸ்ஸுக்கு 53, கெர்பரோஸுக்கு 88, ஆர்பிசிக்கு 135, எல்டாப்புக்கு (டைரக்டரியில் தேடும் முறை) 389, கோப்புப் பகிர்வுக்கு 445, கடவுச்சொல் மாற்றத்துக்கு 464, குளோபல் கேட்டலாகுக்கு (எல்லா டொமைன்களுக்கும் பொதுவான தேடல் பட்டியல்) 3268. இந்தக் கட்டளை டிசிபியை மட்டும்தான் சோதிக்கும். கடிகாரத்துக்கான 123 யுடிபியில் ஓடுவது. அதை அடுத்த படியில் வேறு வழியாகப் பார்ப்போம்.

புதியவர்கள் சறுக்கும் இடம் 135. அது வரவேற்பு மேசை மாதிரி. "நீ இன்ன அறைக்குப் போ" என்று 49152 முதல் 65535 வரையுள்ள போர்ட்களில் ஏதோ ஒன்றைக் கைகாட்டும். ஃபயர்வாலில் 135ஐத் திறந்துவிட்டு அந்த வரம்பைத் திறக்காமல் விட்டால் வரவேற்பறை வரை மட்டும் போய்த் திரும்ப வேண்டியதுதான். 1722 வரும், கிளை அலுவலகங்களில் குறிப்பாக வரும்.

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் முரண்டு பிடித்தால், டொமைன் கன்ட்ரோலரின் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். டொமைன் என்று காட்ட வேண்டிய இடத்தில் பப்ளிக் என்று காட்டினால் அதன் ஃபயர்வால் பொது இடத்தில் இருப்பதாக நினைத்து வாசலைச் சாத்திக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் அட்டையை ஒருமுறை முடக்கி இயக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதைச் சர்வர் திரையின் முன் இருந்து செய்யுங்கள். ரிமோட்டில் இருந்து அட்டையை முடக்கிவிட்டு, மீண்டும் இயக்க ஆட்டோ பிடித்துப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: கடிகாரம்

கெர்பரோஸ் டிக்கெட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். இரு தரப்புக் கடிகாரங்களுக்கும் இடையே வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். அது திரையில் தெரியும் நேரத்தைப் பார்ப்பதில்லை; உலகப் பொது நேரத்தைப் பார்க்கிறது. இந்த ஒரு வரி புரியாமல் ஒரு டிசம்பர் திங்கட்கிழமையில் இரண்டு மணி நேரம் நான் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை புதிதாக ஒரு சர்வர் நிறுவியிருந்தோம். நேர மண்டலத்தை யாரும் மாற்றவில்லை. விண்டோஸ் நிறுவும்போது வந்த அமெரிக்கப் பசிபிக் மண்டலமே இருந்தது. டொமைனில் சேர்த்ததும் சர்வர் தன் கடிகாரத்தை ஒழுங்காகத் திருத்திக்கொண்டது. திங்கள் காலை 10 மணிக்கு அது திரையில் ஞாயிறு இரவு 8.30 என்று காட்டியது. அதன் கணக்கில் அது சரி. எங்களோடு இருந்த பயிற்சியாளர், நேரம் தவறாக இருக்கிறதே என்று கையால் திங்கள் காலை 10 என மாற்றிவிட்டார். இப்போது திரையில் பார்த்தால் எல்லாம் சரி. உள்ளே பார்த்தால் சர்வர் பொது நேரம் மாலை 6 மணி என்று நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அது அதிகாலை 4.30. பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். நான் டாஸ்க்பாரில் இருந்த கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று குறித்துவைத்துவிட்டு வேறெங்கோ தேடப் போனேன்.

அதனால் கண்ணை நம்பாதீர்கள். டபிள்யூ32டிஎம் /ஸ்டிரிப்சார்ட் கட்டளையில் டொமைன் கன்ட்ரோலரின் பெயரைக் கொடுங்கள். வித்தியாசத்தை விநாடிக் கணக்கில் வரி வரியாகக் காட்டும். அன்றைக்கு அதை முதலிலேயே ஓட்டியிருந்தால் 48600 விநாடி என்ற எண் முகத்தில் அறைந்திருக்கும். வித்தியாசமே வராமல் பிழை வந்தால் 123ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம்.

மருந்து இரண்டு பகுதி. மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பிறகு டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் கொடுத்து நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ள விடுங்கள். டொமைனில் உள்ள கணினிகள் டொமைன் கன்ட்ரோலரிடமும், டொமைன் கன்ட்ரோலர்கள் பிடிசி எமுலேட்டர் (ஒரு டொமைனில் ஒரே ஒரு கன்ட்ரோலர் வகிக்கும் சிறப்புப் பொறுப்பு) பொறுப்பில் உள்ள ஒன்றிடமும் நேரம் கேட்கும். அந்த ஒன்று மட்டும் வெளியே உள்ள நேர சர்வரிடம் கேட்க வேண்டும். அது யார் என்று நெட்டாம் க்வெரி எஃப்எஸ்எம்ஓ சொல்லும். அந்தச் சர்வரில் நேரத்தின் மூலம் எது என்று கேட்டு, சிமாஸ் கடிகாரம் என்று பதில் வந்தால், அலுவலகம் முழுக்க மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன பேட்டரியை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டொமைன் கன்ட்ரோலர் மெய்நிகர் கணினியாக இருந்தால், அதைத் தாங்கும் ஹோஸ்ட் தன் நேரத்தை அதன்மேல் திணிக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காம் படி: கணினியின் கடவுச்சொல்

மேலே மூன்றும் சரி, ஆனாலும் நம்பிக்கை முறிந்தது என்ற செய்தி வருகிறதா? இப்போதுதான் கணினிக் கணக்கைத் தொட வேண்டும்.

கணினி தன் கடவுச்சொல்லை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். இங்கே ஒரு கட்டுக்கதை உலவுகிறது: இரண்டு மாதம் அணைத்து வைத்த கணினி டொமைனை விட்டுப் போய்விடும் என்று. போகாது. மாற்றும் வேலையைத் தொடங்குவது கணினிதான். டொமைன் கன்ட்ரோலர் பழைய கடவுச்சொல்லைத் தானாகக் காலாவதியாக்குவதில்லை. கெடுவது வேறு காரணங்களால். மெய்நிகர் கணினியைப் பழைய ஸ்நாப்ஷாட்டுக்கு (முன்பு சேமித்து வைத்த நிலைக்கு) திருப்புவார்கள். அதில் பழைய கடவுச்சொல், டொமைன் கன்ட்ரோலரில் புதியது. அல்லது ஒரே பெயரில் இன்னொரு கணினியைச் சேர்த்திருப்பார்கள்.

உள்ளூர் நிர்வாகிக் கணக்கில் நுழையுங்கள். அதன் கடவுச்சொல் கையில் இல்லையென்றால் முதல் வேலை அதைக் கண்டுபிடிப்பது. பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் தட்டுங்கள். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில் தட்டுங்கள். பவர்ஷெல் 7இல் இந்தக் கட்டளை கிடையாது. ஃபால்ஸ் என்று வந்தால், அதே கட்டளையோடு -ரிப்பேர், -கிரெடென்ஷியல் இரண்டையும் சேர்த்து, அந்தக் கணினிக் கணக்கின்மேல் உரிமை உள்ள டொமைன் கணக்கைக் கொடுங்கள். ட்ரூ வந்தால் முடிந்தது. இது சாதாரணச் சர்வர்களுக்கும் மேசைக் கணினிகளுக்கும் உரிய மருந்து. டொமைன் கன்ட்ரோலருக்கே இந்த நோய் வந்தால் வழிமுறை வேறு. மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவும் பலிக்காதபோதுதான் எடுத்துச் சேர்க்கும் வைத்தியம். அப்போதும் ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள கணக்கை அழிக்காமல் அதே பெயரில் சேருங்கள். குழு உறுப்புரிமை, பிட்லாக்கர் சாவி, லேப்ஸ் (உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல்லைப் பராமரிக்கும் வசதி) கடவுச்சொல் எல்லாம் அந்தக் கணக்கோடு ஒட்டியவை. 2022 அக்டோபர் புதுப்பிப்புக்குப் பிறகு இங்கே ஒரு முட்டுக்கட்டை வரலாம். வேறொருவர் உருவாக்கிய கணக்கை நீங்கள் மறுபடி பயன்படுத்த முயன்றால் 2732 என்ற எண்ணோடு தடுத்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து கணக்கை அழிக்கிறார்கள். கணக்கை உருவாக்கியவரையே அழைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். நம்பகமானவர்களுக்கு அனுமதி தரும் குழுக் கொள்கையும் இருக்கிறது.

ஐந்தாம் படி: பயனரின் கணக்கு

கணக்கு மறுபடி மறுபடி பூட்டிக்கொள்கிறது என்ற புகார் வந்தால், திறந்து விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பிடிசி எமுலேட்டரின் செக்யூரிட்டிப் பதிவில் 4740 என்ற நிகழ்வைத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து பூட்டுப்பட்டது என்று அதில் பெயரோடு இருக்கும். கெர்பரோஸ் தோல்விகள் டொமைன் கன்ட்ரோலர்களில் 4771 என்று பதிவாகும். அதன் தோல்விக் குறியீடு 18 என்று முடிந்தால் கடவுச்சொல் தவறு. 12 என்று முடிந்தால் கணக்கு முடக்கப்பட்டோ பூட்டப்பட்டோ காலாவதியாகியோ இருக்கிறது. 25 என்று முடிந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், கடிகாரம்.

குற்றவாளி பெரும்பாலும் மனிதராக இருக்க மாட்டார். கடவுச்சொல்லை மாற்றியபின் பழையதையே வைத்துக்கொண்டு மின்னஞ்சல் கேட்கும் கைப்பேசி, மூடாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப், கிரெடென்ஷியல் மேனேஜரில் மறந்துபோன பதிவு. தினமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டால் யாரோ தன் சொந்தக் கணக்கில் ஒரு திட்டமிட்ட பணியை ஓடவிட்டிருக்கிறார்.

ஒரு சின்னச் சோதனையும் கைவசம் இருக்கட்டும். பகிர்வுக் கோப்புறை பெயரைக் கொடுத்தால் திறக்க மறுக்கிறது, ஐபி முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபியில் போகும்போது விண்டோஸ் வழக்கமாகக் கெர்பரோஸை விட்டு என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறைக்கு இறங்கிவிடும். எனவே பழுது கெர்பரோஸ் பக்கம். ஒரே சேவைப் பெயர் இரண்டு கணக்குகளில் பதிவாகியிருக்கிறதா என்று செட்எஸ்பிஎன் -எக்ஸ் தட்டிப் பாருங்கள்.

சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை, டிஎன்எஸ்ஸும் சரி என்றால், டொமைன் கன்ட்ரோலர்களுக்குள் தகவல் பரிமாற்றம் நின்றிருக்கலாம். ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி, பிறகு டிசிடயக். இரண்டும் பார்க்க மட்டுமே செய்பவை, தைரியமாக ஓட்டலாம். தோல்விகள் தெரிந்தால் வெளியீட்டைக் கோப்பில் சேமித்து மூத்தவரிடம் கொடுங்கள். வழக்கமாக 180 நாளுக்கு மேல் பரிமாற்றம் நின்றுபோன டொமைன் கன்ட்ரோலரை அவசரப்பட்டு மறுபடி இணைத்தால், அழிந்த கணக்குகள் ஆவியாகத் திரும்பி வரும்.

அவரிடம் கொடுக்கும்போது நெட்லாகன் பதிவையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை பாதியாகும். பழுதான சர்வரில் என்எல்டெஸ்ட் /டிபிஃப்ளாக்:2080எஃப்எஃப்எஃப்எஃப் என்று தட்டி, பழுதை ஒருமுறை நிகழ்த்திக் காட்டுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் டீபக் என்ற உட்கோப்புறையில் நெட்லாகன் என்ற கோப்பு எழுதப்பட்டிருக்கும். எந்த டொமைன் கன்ட்ரோலரை எத்தனை மணிக்குத் தேடியது, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அதில் வரிக்கு வரி இருக்கும். நகல் எடுத்துக்கொண்டபின், அதே கட்டளையில் கடைசி எண்ணை 0 என்று கொடுத்து அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது எழுதிக்கொண்டே இருக்கும்.